தானா விழுந்த சனிக்கிழமை

உக்காருங்க மக்களே. அந்த ஏசிய மட்டும் கொஞ்சம் கொறச்சு விடுங்க, எனக்கு மூக்கு அடைக்கும். நான் இந்தக் கடையில இருந்த காலத்துல ஏசி கெடையாது. ஒரு ஃபேன் உண்டு. அதுவும் சர்வரப் பாத்துத்தான் திரும்பி நிக்கும். மனுசனுக்கு வேர்த்தா அவனே தொடச்சுக்கிடுவான், மெஷினுக்கு வேர்த்தா ஆரு தொடைப்பான்னு மைதீன் காக்கா கேப்பாரு. காக்காதான் கோட்டாறுல இந்தக் கம்ப்யூட்டர் கடையத் தொடங்கினவரு. இப்பம் மொதலாளியா இருக்கது அவருக்க மகன். அவன்தான் போன் பண்ணி, "ராசையண்ணே, புதுசா நாலஞ்சு பிள்ளைய சேந்துருக்கு, வந்து உங்க அனுபவத்தச் சொல்லுங்க"ன்னான். எனக்கு அனுபவம் எங்க உண்டு? வயித்தெரிச்சல்தான் உண்டு. அதச் சொல்லுதேன், கேளுங்க.

நீங்க எல்லாரும் படிச்ச பிள்ளைய. நான் திருவட்டாறுல எட்டாங்கிளாசுல எனக்க தம்பி வந்து சேருத வரைக்கும் இருந்தேன். கடைசியில வாத்தியாரு, "லேய் ராசையா, இந்த பெஞ்சுல உனக்க பேர எழுதி வச்சுட்டு நீ வீட்டுக்குப் போ, பெஞ்சு பாஸானா ஆளு விடுதேன்"னாரு. போயிட்டேன். பொறவு கீரிப்பாறை எஸ்டேட்டுல ரப்பர் பால் சுமந்தேன். எஸ்டேட் பஸ்சுல கிளீனரா தொங்கினேன். கடைசியில இங்க வந்தேன். வந்தது கம்ப்யூட்டர் படிக்க இல்ல, யூபிஎஸ் பாட்டரி தூக்க. தூக்கிக் கொண்டு வச்ச எடத்துல மத்தவன் என்ன செய்யுதான்னு எட்டிப் பாத்து, எட்டிப் பாத்து, டேபிள் போடப் படிச்சேன், அதான் கம்ப்யூட்டருக்குள்ள வெவரமெல்லாம் கட்டம் கட்டமா எழுதி வைக்குத ஏடு. பொறாமைன்னு ஒரு கொணம் மட்டும் இல்லேன்னா நான் இண்ணைக்கும் பாட்டரிதான் தூக்கிட்டு நடப்பேன். அதனால அத கொறச்சுப் பேசாதீங்க.

சொல்ல வந்த விசயம் டீபால்ட்டு. டேபிள்ல ஒரு கட்டத்துல நீ ஒண்ணும் எழுதாம விட்டா, தானா ஒண்ணு வந்து உக்காரும்லா, அது. கீழ சாயாக்கடையில போயி "சாயா"ன்னு மட்டும் சொல்லிப் பாருங்க. சீனி போட்டுத்தான் வரும். நீ சீனி கேக்கல்ல, ஆனா விழும். பத்து பேருல எட்டு பேருக்கு அது சௌகரியம். சுகரு உள்ளவன்தான் வாயத் தொறந்து சொல்லணும். அவன் மறந்தாலோ, போச்சு.

நான் மொதல்ல டீபால்ட்டு போட்டது ஒரு வாசகசாலைக்கு. மெம்பர் ஆணா பெண்ணாங்குத கட்டத்துல, ஒண்ணும் அடிக்கல்லன்னா ஆணுன்னு விழும்படி வச்சேன். பக்கத்துல ஒரு கன்னியாஸ்திரி மடம். அங்க உள்ள சிஸ்டர்மாரு எல்லாரும் மெம்பரு. அத்தன பேருக்கும் "திருவாளர்"னு அச்சடிச்சு கார்டு போச்சு. மதர் போன்ல காக்காட்ட, "எங்க மடத்துல இவ்வளவு ஆம்பளைய இருக்க விசயம் உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"ன்னு கேட்டாவ. காக்கா கொஞ்ச நாளு என்ன திருவாளர் ராசையன்னுதான் கூப்பிட்டாரு. அது சிரிச்சுட்டுப் போற கதை. இது அப்பிடி இல்ல.

சுனாமி கழிஞ்சு ஒண்ணு ரெண்டு வருசம் இருக்கும். ஜெனோன்னு ஒருத்தன் கடையில சேந்தான். எம்சிஏ. கடக்கரைப் பையன். நல்ல கறுப்பு, நல்ல உயரம், சிரிச்சா பல்லு மட்டும் தனியா சம்பளம் வாங்கும். அவன் கீபோர்டுல அடிச்சா மழை பெய்யுத மாதிரி இருக்கும். நான் அடிச்சா ஓட்டுல மாங்கா விழுத மாதிரி இருக்கும். ஒண்ணு விழும், அடுத்தது எப்பம்னு எல்லாரும் பாத்துட்டு இருப்பாவ.

காக்காக்க வீட்டுல இருந்து எனக்கு அத்தன வருசத்துல வந்தது நோம்புக் கஞ்சி ஒண்ணுதான். அதுவும் தெருவுக்கே குடுக்கது. ஜெனோ சேந்து கொஞ்ச நாளுலயே இடியப்பமும் கோழி ஆணமும் அவன் பேரு சொல்லி வருது. "பாவம், தூரத்துல இருந்து வாற பிள்ள"ன்னு காக்காக்க வீட்டுக்காரி சொன்னாவளாம். கடக்கரை எங்க கெடக்கு, திருவட்டாறு எங்க கெடக்கு? நான் ரெண்டு பஸ் மாறி வாறவன். எனக்குத் தூரம் கெடையாதா?

இதுல பெரிய கொடுமை என்னன்னா, அவன் என்ன "அண்ணே, அண்ணே"ன்னு மரியாதையாத்தான் கூப்பிடுவான். வந்த கோழியில எனக்கு ஒரு காலு எடுத்து வைப்பான். ஒரு தடவ திமிரா பேசினாக்கூட நிம்மதியா வெறுக்கலாம். அதுக்கும் சவம் எடம் தர மாட்டான். கோழிக்கால கடிச்சுக்கிட்டே ஒருத்தன வெறுக்கது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது.

அவனுக்க ஊருக்குப் பக்கத்து ஊருல ஒரு மீனவர் சங்கம். பேரு வேண்டாம். சுனாமிக்குப் பொறவு ஆரோ ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்திருந்தாவ. எந்த போட்டு எப்பம் கடலுக்குப் போச்சு, எப்பம் கரை சேந்துது, இதுதான் அதுல எழுதணும். இந்த நேரத்துல கடல்ல ஆரு உண்டு, கரையில ஆரு உண்டுன்னு எவன் கேட்டாலும் சொல்லணும். அதுக்குள்ள டேபிளப் போட்டது ஜெனோ.

சங்கத்துச் செயலாளர் சூசையண்ணன். நல்ல மனுசன், கொஞ்சம் மடி, சோம்பல். "தம்பி, போகும்போ ஒரு தேதி, வரும்போ ஒரு தேதி, கை கடுக்குதுடே"ன்னு ஜெனோட்ட புலம்பியிருக்காரு. அதுக்கு இவன் ஒரு வழி கண்டான். அந்தக் கரையில ஞாயித்துக்கிழமை ஆரும் கடலுக்குப் போக மாட்டாவ. பூசை உண்டு. அஞ்சாறு நாளு கடல்லயே கெடந்து மீன் புடிக்குத பெரிய போட்டுக்காரன்கூட சனிக்கிழமை கரைக்கு வந்து, குளிச்சு, ஞாயிறு கோயிலுக்குப் போயிருவான். அதனால, போன தேதிய மட்டும் அடிச்சாப் போதும், கரை சேந்த தேதியில அந்த வாரத்துச் சனிக்கிழமை தானா விழும்படி வச்சுட்டான். வேற நாளு வந்தா மட்டும் மாத்தினா மதி.

திருவட்டாறுக்காரனுக்கு இது தோணுமா? நமக்கு ஞாயிறுன்னா எறச்சி, அவ்வளவுதான். கடக்கரையில பொறந்தவனுக்குத்தான் தோணும். சூசையண்ணன் காக்காக்குப் போன் போட்டு, "அந்தத் தம்பி எனக்க கை வலிய எடுத்துட்டான் காக்கா"ன்னு சொன்னாரு. காக்கா என்னப் பாத்து, "கேட்டியா ராசையா? இதுக்குப் பேருதான் மூளை"ன்னாரு.

அண்ணைக்குத் தொடங்கினேன். சங்கத்து டேபிள காப்பி பண்ணி ஒரு சிடியில போட்டு, சூசையண்ணன் வெள்ளிக்கிழமை தோறும் காலையில கடையில கொண்டு குடுப்பாரு. மெஷின் செத்துப்போனா வேணும்லா, அதுக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குக் கடை அடச்சா பொறவு சனிக்கிழமைதான் தொறக்கும். ஞாயிறு எங்களுக்கு வேலை நாளு. வேலை போக மிச்ச நேரமெல்லாம் நான் அந்தச் சிடியப் போட்டு ஜெனோக்க தப்பத் தேடுவேன். தலையில பேன் பாக்குத மாதிரி. ஒண்ணும் ஆப்பிடாது. நல்ல சுத்தமான தலை.

அப்பிடி ஒரு ஞாயித்துக்கிழமை. ஜெனோ பூசைக்குப் போவான், அண்ணைக்கு அவனுக்கு லீவு. கடையில நானும் காக்காவும்தான். பூசைக்கு உடுத்த பட்டுச் சேலையோட ஒரு பொம்பள படி ஏறி வந்தா. வந்த வேகத்துல கண்ணாடிக் கதவு ரெண்டு தடவ அடிச்சுது.

"கம்ப்யூட்டரு இங்கதான் உண்டாக்குதா?"

"உண்டாக்குகது இல்லக்கா, விக்குகதுதான். என்ன வேணும்?"

"எனக்க மாப்ளைக்க அட்ரஸ் வேணும்."

நான் காக்காவப் பாத்தேன். காக்கா பேப்பரப் பாத்தாரு.

அவ பேரு புஷ்பம். மாப்ள பேரு லூர்து, சொந்தமா போட்டு உண்டு. திங்கக்கிழமை நாலு ஆளோட கடலுக்குப் போனவன். ஞாயிறு பூசைக்கு மத்த வீட்டு ஆம்பளைய வந்து நிக்காவ, இவளுக்க ஆளக் காணல்ல. பக்கத்துல நின்னவ, "எங்க புஷ்பம், உனக்க ஆளக் காணல்ல?"ன்னு கேட்டுருக்கா. இவ நேரா போயி சூசையண்ணனப் புடிச்சு இழுத்து சங்கத்தத் தொறக்க வச்சுருக்கா. அவரு மெஷினப் பாத்து, "நேத்தே கரை சேந்தாச்சுன்னு போட்டுருக்கு"ன்னாரு. "அப்பம் வீட்டுக்கு வரல்லியே"ன்னு இவ கேக்க, "ஏதாவது ஒரு கரையில சேந்துருப்பான் புஷ்பம்"னு சொல்லி அந்தாளு சிரிச்சிருக்காரு. நின்னவனெல்லாம் சிரிச்சிருக்கான். கூடப்போன நாலு பேருக்க வீட்டுக்காரங்களுக்கும் அவரு சொன்னது அதே பதிலுதான், சனிக்கிழமை கரை சேந்தாச்சு. மீனுக்கு நல்ல வெலை கெடைக்கும்னு கேரளத்துப் பக்கம் போட்ட விட்டுருப்பாவன்னு அவங்க சும்ம இருக்காவ. லூர்துக்க போன் சுவிட்ச் ஆஃப்.

"கேரளத்துல, நீண்டகரையில ஐஸ் கம்பெனிக்குப் பக்கத்துல ஒருத்தி சாயாக்கடை வச்சுருக்கா"ன்னா புஷ்பம். "அவளுக்க சாயா அவ்வளவு ருசியாம். இவனே வீட்டுல வந்து சொல்லுதான். வெறும் சாயா குடிச்சவன் அத வீட்டுல வந்து சொல்லுவானா? நீரு சொல்லும்."

"சொல்ல மாட்டான்"னேன்.

"அப்பம் சனிக்கிழமை எந்தக் கரையில சேந்தான்னு இதுல இருக்கும்லா, அதக் காட்டும். மிச்சத்த நான் பஸ் ஏறிப் பாத்துக்கிடுதேன்."

"அக்கா, தேதிதான் இருக்கும். எடத்துக்குக் கட்டம் கெடையாது."

"தேதி இருக்கும், எடம் இருக்காதா? ஆம்பளைய சேந்து செஞ்ச மெஷின்லா, அதுதான்."

காக்காக்க பேப்பரு குலுங்குது. எனக்குச் சிரிப்பு வரல்ல. வயித்தெரிச்சல் உள்ளவன வயித்தெரிச்சல் உள்ளவனுக்குத்தான் தெரியும். அவளுக்க கண்ணுல ஒரு வெளிச்சம் பாத்தேன். நான் காலையில ஷேவ் பண்ணும்போ கண்ணாடியில பாக்குத அதே வெளிச்சம். ரெண்டு பேரும் ஒரே கட்சி. சரி, பாவம்னு வெள்ளிக்கிழமைச் சிடியப் போட்டு, லூர்துக்க வரிய எடுத்துக் காட்டினேன். போனது திங்கள். கரை சேந்தது சனி.

"பாத்தீரா? சனி!"ன்னு அவ ஸ்க்ரீன்ல விரலால ஒரு குத்து குத்தினா.

நானும் பாத்தேன். பாத்துட்டு சிடிக்க மேல எழுதியிருந்ததப் பாத்தேன். திரும்ப ஸ்க்ரீனப் பாத்தேன். வெள்ளிக்கிழமை காலையில எனக்க கையில தந்த சிடி. அதுல சனிக்கிழமை கரை சேந்தவன் எப்பிடி இருப்பான்? அத்தன வாரமும் இது எனக்க கண்ணு முன்னாலதான் கெடந்துருக்கு, நான் காணல்ல.

உள்ளதச் சொல்லணும்லா. எனக்கு மொதல்ல வந்தது பயம் இல்ல, சந்தோசம். மாட்டினான் ஜெனோ! கோழிக்காலு தந்த கை மாட்டிச்சு! அடுத்த நாளு சங்கத்துல மாசக் கூட்டம் உண்டு, காக்காவும் வருவாரு, எல்லாருக்க முன்னாலயும் இந்தச் சிடியத் தூக்கிக் காட்டி ஒண்ணும் தெரியாதவன் மாதிரி கேக்கணும், "தம்பி, இது என்ன தம்பி?"ன்னு. எந்தச் சட்ட போடணும்கது வரைக்கும் மனசு போயாச்சு.

"என்னவே முழிக்கீரு?"ன்னா புஷ்பம்.

அப்பம்தான் எனக்கு அவ நிக்கது தெரிஞ்சுது. "அக்கா, இந்தத் தேதி ஆரும் கண்டு எழுதினது இல்ல"ன்னேன். "போகும்போதே தானா விழுந்தது. உனக்க மாப்ள கரைக்கு வந்ததா ஆருக்கும் தெரியாது."

அவ ஸ்க்ரீன்ல குத்தின விரல எடுத்தா.

"அப்பம் அவன் சாயாக்கடைக்குப் போகல்லியா?"

அந்த மொகம் தெளிஞ்சத நீங்க பாத்திருக்கணும் மக்களே. பூசையில சாமியாரு தூக்கிக் காட்டுத வெள்ளை அப்பம் மாதிரி இருந்துது. சிரிச்சா. சிரிச்சுக்கிட்டு இருக்கும்போதே சிரிப்பு அப்பிடியே நின்னு போச்சு.

"அப்பம் எங்க?"

காக்கா பேப்பர மடிச்சு வச்சாரு. அவ பையப் பையத் தரையில உக்காந்தா. பட்டுச் சேலையில அழுக்கு ஆகுமேன்னு கூடப் பாக்கல்ல. "மாதாவே, அவன் அந்தச் சாயாக்கடையிலயே கெடக்கட்டும்"னா. "அவளுக்க வீட்டுலயே கெடக்கட்டும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். எங்கயாவது கரையில கெடக்கட்டும்."

எனக்க வயித்தெரிச்சல மடிச்சு சட்டப் பையில வச்சேன். தூரப் போடல்ல கேட்டியளா, மடிச்சு வச்சேன். பொறவு ஜெனோக்குப் போன் போட்டேன். நல்லா குத்துத மாதிரி ஒரு வார்த்தை யோசிச்சு வச்சுருந்தேன். ஆனா நடந்தத மட்டும்தான் சொன்னேன். அவன் சொன்னான், "அண்ணே, லூர்து மாமாக்க போட்டு மட்டும் இல்லண்ணே. எல்லாம் அப்பிடித்தான். நீங்க சங்கத்துக்கு வாங்க, நான் வாறேன்."

எல்லாம் அப்பிடித்தான்னு அவன் சொன்னது எனக்கு அப்பம் பிடிகிட்டல்ல. காக்கா ஷட்டர எறக்கி, புஷ்பத்தையும் என்னையும் கார்ல ஏத்தினாரு. போற வழி முழுக்க ஸ்டியரிங்க நெருக்கிப் புடிச்சுருந்தாரு.

சங்கத்துல கூட்டம் கூடியாச்சு, ஜெனோவும் வந்து நிக்கான். சூசையண்ணன் மெஷினுக்கு முன்னால உக்காந்து, "பாத்துக்கிடுங்க, எல்லா போட்டும் சனிக்கிழமை வந்தாச்சு, எல்லாம் சரியாத்தான் இருக்கு"ன்னு திரும்பத் திரும்பச் சொல்லுதாரு. மேல இருந்து கீழ வரைக்கும் சனி, சனி, சனி.

நான் சொன்னேன், "லூர்துக்க தேதிய மட்டும் அழிச்சுட்டுத் தேடப் போவோம். அந்த ஒண்ணுதான கொழப்பம்?" எனக்கு அந்த ஒரு தப்பு போதும். ஜெனோவ மாட்டி வைக்க ஒண்ணு மதி.

ஜெனோ எனக்க முகத்தப் பாத்தான். "அண்ணே, இதுல சூசை மாமா கண்ணால கண்டு வச்சிருக்க சனி எது, நான் போட்டதால விழுந்த சனி எது? உங்களால சொல்ல முடியுமா?"

பாத்தேன். எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு. தெரிஞ்ச சனிக்கும் தெரியாத சனிக்கும் ஒரே மூஞ்சி.

"என்னாலயும் முடியாதுண்ணே"ன்னான். சொல்லிக்கிட்டே அந்த வாரத்துக் கட்டம் முழுக்க ஒரே அடியா அழிச்சான். ஸ்க்ரீன் வெள்ளையா நிக்குது.

சூசையண்ணன் நெஞ்சுல கை வச்சுட்டாரு. "லேய், எனக்க சனிக்கிழமையெல்லாம் போச்சேடே!"

"அது உங்க சனிக்கிழமை இல்ல மாமா. நான் போட்டது. தப்பு எனக்கது"ன்னு எல்லாரும் கேக்கச் சொன்னான். சொல்லிட்டு நிக்கல்ல, ஓடிப்போயி கோயில் மைக்கப் புடிச்சான். "இந்த வாரம் கடலுக்குப் போயிட்டு வந்தவங்க சங்கத்துல வந்து சொல்லணும். கண்ணால கண்டவங்க மட்டும் வாங்க. கேள்விப்பட்டவங்க வரண்டாம்."

நான் மெஷின் முன்னால உக்காந்தேன். ஆளு வந்து சொல்லச் சொல்ல ஒத்த விரலால ஒவ்வொரு கட்டமா அடிச்சேன். அண்ணைக்கு எனக்க வேகத்த ஆரும் கிண்டல் பண்ணல்ல.

ஒரு பெரியவரு வந்து, "எனக்க மகன் வந்தாச்சு"ன்னாரு.

"கண்டீரா?"

"இருமல் சத்தம் கேட்டுது."

"இருமல் பத்தாது, ஆளக் கூட்டிட்டு வாரும்."

போயி உறங்கிட்டுக் கெடந்தவன எழுப்பிக் கூட்டிட்டு வந்தாரு. அவன் என்னையும் அப்பனையும் ஏசிக்கிட்டே வந்தான். அவன் ஏசினதுக்குப் பொறவுதான் தேதி அடிச்சேன்.

கடைசியில ஒண்ணும் எழுதாம ஒழிஞ்சு கெடந்த கட்டம் எத்தனன்னு நெனைக்கீங்க? ஒண்ணு இல்ல, ரெண்டு. லூர்துக்கது ஒண்ணு. இன்னொண்ணு வேற ஒரு போட்டு. அதப்பத்தி ஒரு மனுசனுக்கும் நெனப்பே இல்ல, அவங்க வீட்டுலயும் வெலை பாத்து வேற எங்கயாவது எறங்கியிருப்பாவன்னு இருந்திருக்காவ. நான் சொன்ன மாதிரி லூர்துக்க தேதிய மட்டும் அழிச்சிருந்தா இது கண்ணுலயே பட்டிருக்காது. கரை கரையா போன் போட்டு விசாரிச்சதுல, அந்தப் போட்டு குளச்சல்ல கெட்டிக் கெடக்கு, நல்லா சாராயம் ஊத்திட்டு ஆளுவ போட்டுக்குள்ளயே கெடந்து உறங்குதாவ. எழுப்பினவன்ட்ட, "இண்ணைக்கு என்ன கிழமை?"ன்னு கேட்டாவளாம். அந்தக் கட்டமும் நெறஞ்சுது.

பாக்கி லூர்து ஒருத்தன்தான்.

ஞாயித்துக்கிழமை போட்ட எறக்கலாமா கூடாதான்னு வயசானவங்களுக்குள்ள ஒரு முணுமுணுப்பு. பூசை வைக்குத சாமியாரு உடுப்பக் கூட மாத்தாம வந்து மைக்க வாங்கினாரு. பிரசங்கம் ஒண்ணும் வைக்கல்ல. "போக முடிஞ்ச போட்டு எல்லாம் எறங்கட்டும்"னு மட்டும் சொன்னாரு. கோயில் மணி அடிச்சுது. அந்தக் கரையில ஞாயித்துக்கிழமை எஞ்சின் சத்தம் கேட்டு சின்னப் பிள்ளைய வெளிய ஓடி வந்து பாக்குது.

ஜெனோ பேண்ட கழட்டிட்டு ஆரோ தந்த கைலிய கெட்டிட்டு முன்ன போற போட்டுல ஏறினான். அந்தக் கோலத்துலயும் சவம் அழகாத்தான் இருந்தான். நானும் வாறேன்னு சொன்னேன். நான் பஸ்சு ஜன்னல் வழியா கடலப் பாத்தாலே வாந்தி எடுக்கவன். அது அவனுக்கும் தெரியும். "அண்ணே, நீங்க இங்க இருங்க. அந்த ஒழிஞ்ச கட்டத்துல ஆரும் ஒண்ணும் அடிச்சிராம பாத்துக்கிடுங்க"ன்னான்.

எனக்கு முதுகெல்லாம் எரிஞ்சுது. அவன் ஆளத் தேடப் போறான், நான் ஒண்ணும் இல்லாத கட்டத்துக்குக் காவல். ஆனா கேளுங்க மக்களே, அந்தக் காவல் சும்ம இல்ல. சாயங்காலம் ஆகும்போ சூசையண்ணனால அங்க இருக்க முடியல்ல. எல்லாக் கட்டமும் நெறஞ்சு, நடுவுல ஒண்ணு மட்டும் வெள்ளையா கெடக்கு. பல்லு போன எடத்துல நாக்கு போற மாதிரி எல்லாருக்க கண்ணும் அங்கதான் போகுது. "ராசையா, பாக்கவே பயமா இருக்குடே. சும்மா ஒரு தேதி போட்டு வைப்போம், பொறவு மாத்திக்கிடலாம்"னு கீபோர்டுக்குக் கைய நீட்டினாரு.

நான் அந்தக் கையத் தட்டி விடுகதுக்குள்ள, மூலையில உக்காந்திருந்த புஷ்பம் சொன்னா, "போடாதீங்க. ஒழிஞ்சு கெடந்தாத்தான் தேடுவாவ."

எனக்கு டேபிள் படிப்பிச்சவன் எவனும் இத எனக்குச் சொல்லித் தரல்ல. டீபால்ட்டே போடப்பிடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு வரிய எந்த நேரத்துல அடிச்சோம்கது மெஷினுக்கே தெரிஞ்ச விசயம், அது தானா விழட்டும். ஒரு மனுசன் கண்ணால கண்டு சொல்ல வேண்டியதுன்னு ஒண்ணு உண்டு. அதுல மட்டும் மெஷினப் பேச விடாதீங்க. தெரியல்லன்னா அந்தக் கட்டம் ஒழிஞ்சு கெடக்கட்டும். பாக்க அசிங்கமா இருக்கும், மொதலாளி கேப்பாரு, வாங்கினவன் மொறைப்பான். கெடக்கட்டும்.

அந்த ராத்திரிய விட்டுருங்க, அத நான் சொல்ல மாட்டேன்.

திங்கக்கிழமை வெயில் ஏறுத நேரம், கரையில நின்னவன் ஒருத்தன் கூவினான். ஒரு போட்டு இன்னொரு போட்டக் கயிறு கெட்டி இழுத்துட்டு வருது. செவ்வாய்க்கிழமையே எஞ்சின் ஒடஞ்சு, காத்து இழுத்த பக்கம் போயிருக்காவ. வயர்லெஸ்சும் இல்ல, தண்ணியும் தீந்து போச்சு. அஞ்சு பேருக்கும் உதடு வெடிச்சு, கண்ணு உள்ள போயி, ஆனா அஞ்சு பேரும் உயிரோட இருக்காவ. லூர்த ரெண்டு பேரு தாங்கி மணல்ல எறக்கினாவ.

புஷ்பம் போயி அவன் முன்னால நின்னா. ஊரே பாத்துட்டு நிக்குது.

"சாயா குடிச்சியா?"

அவன் பாவம், ஒண்ணும் புரியாம முழிச்சான். "சொட்டுத் தண்ணியில்லாம கெடந்தேன் பிள்ளே. ஆரு எனக்குச் சாயா தருவா?"

கன்னத்துல ஓங்கி ஒண்ணு விட்டா. பொறவு அந்தக் கன்னத்தையே புடிச்சுக்கிட்டு அழுதா பாருங்க, அந்த அழுகைய நான் பொறவு எங்கயும் கேட்டதில்ல.

நான் சங்கத்துக்கு ஓடினேன். சூசையண்ணன் நாற்காலிய இழுத்துப் போட்டாரு. அந்தக் கட்டத்துல திங்கக்கிழமைத் தேதிய ஒத்த விரலால அடிச்சேன். ரெண்டு தடவ தப்பாச்சு, மூணாவது சரியாச்சு.

அண்ணைக்குச் சாயங்காலம் மாசக் கூட்டம். நான் யோசிச்சு வச்ச அதே கூட்டம்தான். என்ன நடந்துதுன்னு கேளுங்க. ஜெனோ எழும்பி நின்னு, "இந்தத் தப்பு நான் செஞ்சது, கண்டுபுடிச்சது எங்க ராசையண்ணன்"னு சொன்னான். சனம் கை தட்டுது, தட்டுது, அப்பிடித் தட்டுது. ஆருக்கு? அவனுக்கு! தப்ப ஒத்துக்கிட்ட தங்கமான பிள்ளையாம். சூசையண்ணன் பொன்னாடை கொண்டு வந்து அவனுக்குப் போத்தினாரு. மேடையில இருந்தது ஒரே ஒரு பொன்னாடை. தப்பு செஞ்சவனுக்குப் பொன்னாடை, தப்பக் கண்டவனுக்குக் கலர் சோடா. மறு வாரம் புஷ்பம் கடைக்கு வந்தா. ஜெனோ தம்பிக்கு முழு நெய்மீனு ஒண்ணு. எனக்கு ஒரு பாக்கெட் சாயாப்பொடி. "இனி நீருதான் நல்ல சாயா குடிக்கணும்"னு சொல்லிட்டுச் சிரிச்சுக்கிட்டே போனா.

ஜெனோ கொஞ்ச வருசத்துல துபாய்க்குப் போனான். பெரிய கம்பெனி, பெரிய டேபிளு. நான் ரிட்டயர் ஆன அண்ணைக்குப் போன் பண்ணினான். அது இதுன்னு பேசிட்டு, வைக்க முந்தி சொன்னான், "அண்ணே, நான் எத்தனையோ டேபிள் போட்டாச்சு. ஆனா அந்தத் திங்கக்கிழமைய அடிச்சது நீங்க. போட்டுல இருந்து நான் எறங்கி வருகதுக்குள்ள அடிச்சுட்டீங்க. அதுல எனக்கு இண்ணைக்கும் உங்க மேல ஒரு பொறாமை உண்டு."

போன வச்சேன். மனசு நெறஞ்சு போச்சு. அவனுக்கு எனக்க மேல பொறாமை! வீட்டுக்காரிட்ட சொன்னேன், பக்கத்து வீட்டுக்காரன்ட்ட சொன்னேன், சாயாக்கடையில சொன்னேன். பொறவு வீட்டுல வந்து உக்காந்து யோசிக்கும்போதான் உறைச்சுது. பொறாமைப்படுகதக்கூட அந்தச் சவம் என்னவிட அழகா படுதான்.